டயர் தேய்கிறது, தூள் எங்கே போகிறது?

(கெடா மாநிலத் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் சுங்கைப்பட்டாணியில் ஒரு ஞாயிறு காலை கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தொழிலாளத் தோழர்களே, செக்ரோல் புத்தகத்தை இன்றைக்கு மட்டும் மூடி வைத்துவிட்டு வந்திருக்கும் கிராணி நண்பர்களே!

சம்பளம், போனஸ், வீட்டுக் கூரை என்று பேசுவதற்கே கூடிப் பழகிய நாம் இன்று தூளைப் பற்றிப் பேசப் போகிறோம். தோட்டத்தில் இல்லாத தூளா என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு இந்தத் துணியைப் பாருங்கள். நேற்றுக் காலை வரை இது வெள்ளைத் துணி. நம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், ஆயாக்கொட்டகையின் சன்னல் விளிம்பை ஆயா அம்மாள் இதை நனைத்து ஒரே ஒரு முறை துடைத்தார். அவ்வளவுதான். இப்போது அடுப்படித் துணி போல் கறுத்துக் கிடக்கிறது. அந்தச் சன்னலுக்கு உட்புறத்தில்தான் தொட்டில்கள் தொங்குகின்றன.

தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரோடு நின்றுவிடும், விஷயம் நகராது. அந்தக் கொட்டகை கட்டப்பட்ட காலத்தில் அதன் முன்னால் போனது குறுகலான ஒற்றைச் சாலை. பஸ் வந்தால் சைக்கிள்காரர் புல்லில் இறங்கி வழிவிட வேண்டும். இன்று அதே இடத்தில் அகலச் சாலை, முச்சந்தி, சமிக்ஞை விளக்கு. தாய்லாந்து எல்லையான புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லோரிகள், கல் லோரிகள், மண் லோரிகள், தொழிற்சாலை பஸ்கள் எல்லாம் சிவப்பு விளக்கைக் கண்டு அந்தக் கொட்டகை வாசலில்தான் பிரேக் போடுகின்றன. பச்சை விளக்கைக் கண்டு அங்கேயேதான் இழுத்துக் கிளம்புகின்றன.

பெற்றோர் சிலர் நிர்வாகத்திடம் போய், கொட்டகையை உள்ளே தள்ளிக் கட்டித் தாருங்கள் என்று கேட்டார்கள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. "லோரிகள் எல்லாம் இப்போது புது லோரிகள். புகையே இல்லையே! புகை இல்லாத இடத்தில் காற்று எப்படிக் கெடும்?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றியது. பெற்றோருக்கு அங்கே பதில் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இன்று நாம் சேர்ந்து கண்டுபிடிப்போம்.

நம் பாலின் பயணம்

இந்தக் கதையின் தொடக்கம் நம் கையில் இருக்கிறது. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தார். மரம் ஒரு பக்கம் வளர்ந்தது, டயர் ஒரு பக்கம் வளர்ந்தது. பின்னர் மோட்டார் கார் வந்தது. இரண்டையும் அது சேர்த்துவைத்தது. அந்தச் சேர்க்கையில்தான் நம் பாட்டன் பூட்டன் கப்பலேறினார்கள். கெடாவில் காடு தோட்டமாயிற்று.

இன்றும் உலகத்தில் இறக்கப்படும் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 70 விழுக்காடு டயருக்கே போகிறது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாம் கோடு போட்டு இறக்கிய பால் மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து ஆலைக்கும் போகிறது. இந்தக் கெடாவின் அலோர் ஸ்டார் நகரிலேயே பல்லாண்டுக் காலம் டயர் செய்யும் ஆலை ஓடியிருக்கிறது. லோரி டயரின் எடையில் மூன்றிலொரு பங்கு இயற்கை ரப்பர். கார் டயரில் ஐந்திலொரு பங்கு. மற்றது எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பர், கருமைக்கும் உறுதிக்கும் சேர்க்கும் கரித்தூள், எஃகுக் கம்பி, துத்தநாகம், கந்தகம், இன்னும் பல இரசாயனங்கள்.

டயர் சாலைக்குப் போகிற வரைக்கும் கணக்கு உண்டு. கிராணியார் எழுதுகிறார், ஆலைக்காரர் எழுதுகிறார், கப்பல்காரர் எழுதுகிறார். சாலையில் உருளத் தொடங்கிய பிறகு கணக்கு நின்றுவிடுகிறது. புது டயரில் விரல் நுழையும் பள்ளம் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது வழுக்கைத் தலையாகிவிடும். ஒரு கார் டயர் தன் ஆயுளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை இழக்கிறது. லோரி டயர் இழப்பது இன்னும் பல கிலோ. அந்த ரப்பர் எங்கே போயிற்று?

டச்சு ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டில் பல நாடுகளின் விவரங்களைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். உலகத்தில் தலைக்கு ஆண்டொன்றுக்கு 0.81 கிலோ டயர் தூளாகிறது என்று கண்டார்கள். இந்தியாவில் தலைக்கு 0.23 கிலோ, அமெரிக்காவில் 4.7 கிலோ. இருபது மடங்கு வித்தியாசம்! யார் அதிகம் ஓட்டுகிறார்களோ அவர்கள் அதிகம் தூளாக்குகிறார்கள். ஆனால் தூள் ஓட்டியவர் காருக்குள் மட்டும் போவதில்லை. சாலையோரத்தில் இருப்பவர் மூக்குக்குப் போகிறது. மலேசியாவில் பதிவான வாகனங்கள் மூன்று கோடியைத் தாண்டிவிட்டன என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மிகைப்படுத்திப் பேசி நம் வழக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டயர் தூளில் பெரும்பகுதி கனமான துணுக்கு. அது சாலையோரத்தில் விழுந்து மழையோடு கால்வாய்க்குப் போய்விடும். நூற்றுக்குச் சில பங்கு, அதிகம் போனால் பத்துப் பங்கு, காற்றில் மிதக்கும் நுண்தூளாகிறது. பிரேக் தூளின் கதை வேறு.

நிறுத்தும்போது உதிர்வது

பிரேக் என்பது என்ன? ஓடுகிற சக்கரத்தை உராய்ந்து நிறுத்துவது. இரும்புத் தட்டையோ டிரம்மையோ ஒரு கட்டை அழுத்திப் பிடிக்கிறது. இரண்டும் தேய்கின்றன. அந்தக் கட்டையில் பிசின், உலோக இழை, செம்பு, பேரியம், ஆண்டிமனி எல்லாம் கலந்திருக்கும். தட்டோ வார்ப்பிரும்பு. தேய்ந்த தூளில் பாதி வரைக்கும் காற்றில் ஏறிவிடுகிறது. நேர்ச்சாலையில் ஓடுகிற லோரி அதிகமாகப் பிரேக் தூள் கொட்டாது. சமிக்ஞை விளக்கு, முச்சந்தி, சுங்கச்சாவடி, இறக்கம், பள்ளிக்கூட வாசல் ஆகிய இடங்களில்தான் கொட்டும். நம் ஆயாக்கொட்டகை வாசல் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது நிர்வாகத்தின் கேள்விக்கு வருவோம். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் காற்றுத் தர நிபுணர் குழு 2019-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டுச் சாலை வாகனங்களிலிருந்து நேரடியாக வரும் மிதக்கும் தூளில் புகைக்குழாய் வழியே வருவது எவ்வளவு, பிரேக்கும் டயரும் சாலையின் மேற்பரப்பும் தேய்ந்து வருவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டியது. பத்து மைக்ரான் வரையுள்ள தூளில் 73 விழுக்காடு தேய்மானத்தால் வருவது. இரண்டரை மைக்ரான் வரையுள்ள நுண்தூளில் 60 விழுக்காடு தேய்மானத்தால் வருவது. புகையைச் சட்டம் போட்டு அடக்கிய நாட்டில், புகையல்லாத தூள் முன்னுக்கு வந்து நிற்கிறது! ஆகவே "புகை இல்லையே" என்பது பாதிக் கேள்விக்குக்கூடப் பதில் ஆகாது.

புகையைப் பிடிக்க நம் நாட்டிலும் சட்டம் உண்டு. டீசல் வாகனப் புகைக்கு 1996-ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்தன. கறும்புகை கக்கும் லோரியை நிறுத்திச் சோதிக்கலாம். தேயும் பிரேக்கை யார் நிறுத்திச் சோதிப்பது? ஐரோப்பிய நாடுகளே 2024-ஆம் ஆண்டில்தான் அதற்கு வழி செய்தன. "யூரோ 7" என்னும் அந்தச் சட்டம் சாதாரணக் கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 7 மில்லிகிராமுக்கு மேல் பிரேக் தூள் வெளியிடக் கூடாது என்கிறது. மின்சாரக் காருக்கு 3 மில்லிகிராம். டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்க அதில் ஏற்பாடு இருக்கிறது.

மின்சாரக் கார் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைப்பதால் அதில் பிரேக் குறைவாகத் தேயும். ஆனால் பாட்டரியின் கனத்தால் வண்டி கனக்கிறது. கனத்தால் டயர் அதிகம் தேயும். புகைக்குழாய் போய்விடும், டயர் போகாது.

மூச்சோடு உள்ளே போவது

இரண்டரை மைக்ரான் என்றால் எவ்வளவு? நம் தலைமயிர் ஒன்றின் பருமனை முப்பதாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. பெரிய தூளை மூக்கு மயிர் பிடிக்கும், சளி பிடிக்கும், இருமல் வெளியே தள்ளும். இந்த நுண்தூளைப் பிடிக்க உடம்பில் காவற்காரன் இல்லை. நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகிறது. அதிலும் மிக நுண்ணியது இரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமா, மூச்சிறைப்பு, இதய நோய் இவற்றை அது மோசமாக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2013-ஆம் ஆண்டில் வெளிக்காற்று மாசையும் அதில் மிதக்கும் நுண்தூளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். தரைக்கு அருகில் தவழ்கிறார்கள். அவர்களின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

நுண்தூளுக்கு நம் நாட்டு அளவுகோல் உண்டு. 2020-ஆம் ஆண்டுக்கான தரப்படி ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராமும், ஒரு நாள் சராசரி 35 மைக்ரோகிராமும் தாண்டக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் சொன்ன அளவோ ஆண்டுக்கு 5, நாளுக்கு 15. கெடாவில் அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம், லங்காவி ஆகிய இடங்களில் அரசாங்கத்தின் காற்று அளவு நிலையங்கள் உண்டு. புகைமூட்டக் காலத்தில் அந்த எண்ணைத்தான் செய்தித்தாளில் பார்க்கிறோம். அது ஊர் முழுமைக்கும் பொதுவான எண். சிவப்பு விளக்குக்குப் பத்தடி தூரத்தில் இருக்கும் தொட்டிலின் எண் அல்ல. அந்த எண்ணை இதுவரை எவரும் எடுக்கவில்லை. நம்மிடம் இருப்பது இந்தத் துணி ஒன்றுதான்.

இந்தத் துணியில் இருப்பது முழுவதும் டயர் தூள் என்று நாம் சொல்லவில்லை. சாலை மண் இருக்கும், புகைக்கரி இருக்கும், பிரேக் இரும்பு இருக்கும், ரப்பர் இருக்கும். விழுந்த தூளை அடுத்த லோரி மறுபடியும் கிளப்புகிறது. தில்லி நகரத்தின் காற்றை ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. 2016-ஆம் ஆண்டு அறிக்கையில், பத்து மைக்ரான் தூளின் வெளியீட்டில் 56 விழுக்காடு சாலைத்தூள் என்று கணக்கிட்டது. தில்லி எங்கே, நம் செம்மண் சாலை எங்கே என்று கேட்கலாம். ஆனால் சக்கரம் தூளைக் கிளப்பும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மீன் சொன்ன சாட்சி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் என்ற ஊர். அதன் பக்கத்து ஓடைகளுக்குக் கோஹோ என்னும் சால்மன் மீன்கள் கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும். மழை பெய்த சில மணி நேரத்தில் அவை சுழன்று சுழன்று செத்தன. முட்டை வயிற்றிலேயே இருந்தது. சாலைத் தண்ணீர் ஓடையில் கலப்பதால் சாகின்றன என்பது தெரிந்தது. சாலைத் தண்ணீரில் எந்தப் பொருள் என்பது பல ஆண்டுகள் தெரியவில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான இரசாயனங்களை ஒவ்வொன்றாக விலக்கி, 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் குற்றவாளியை உலகத்துக்குக் காட்டினார்கள்.

காற்றில் ஓசோன் என்ற வாயு உண்டு. அது ரப்பரை வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்க டயரில் 6 பி.பி.டி. என்ற இரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனைத் தான் வாங்கிக்கொண்டு ரப்பரைக் காப்பாற்றும். வாங்கிக்கொண்டபோது அது வேறு பொருளாக மாறுகிறது. அதற்கு 6 பி.பி.டி. குயினோன் என்று பெயர். டயர் தூளோடு ஓடைக்குப் போய் மீனைக் கொன்றது அதுதான். எல்லா மீனும் அப்படிச் சாவதில்லை. கோஹோ சாகிறது, அதன் இனத்திலேயே வேறு சில பிழைக்கின்றன. நம் மெர்போக் ஆற்று மீனுக்கும் சுங்கை மூடா மீனுக்கும் இதே கதி என்று நாம் சொல்ல மாட்டோம். டயர் செய்து எத்தனையோ பத்தாண்டுகள் ஆன பிறகுதான் அதன் தூளில் என்ன இருக்கிறது என்று உலகம் பார்த்தது என்பதை மட்டும் சொல்வோம். கலிபோர்னியா மாநிலம் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், டயர் உற்பத்தியாளர்கள் இதற்கு மாற்றுத் தேட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது.

இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் இறக்குகிற பாலில் அந்த விஷம் இல்லை. மரத்தின் பேரில் பழி போடுகிறவன் கணக்குத் தெரியாதவன்.

நம் சோற்றில் நாமே மண் போடுகிறோமா?

இங்கே ஒரு பெரியவர் எழுந்து, "டயர் தேய்ந்தால்தானே புது டயர் வாங்குவான்? புது டயர் வாங்கினால்தானே நம் ரப்பர் விற்கும்? நம் சோற்றில் நாமே மண்ணைப் போடலாமா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். மூடி மறைக்க வேண்டியதில்லை.

முதற்பதில்: ரப்பர் விலை டயர் எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதைப் பார்த்து ஏறுவதில்லை. 1950, 1951 ஆண்டுகளில் கொரியப் போர் வந்தது, விலை வானத்துக்குப் போனது. போர்ச் சந்தை ஓய்ந்ததும் விலை விழுந்தது. டயர் அப்போதும் ஒரே மாதிரிதான் தேய்ந்தது. இரண்டாம் பதில்: நீடித்து உழைக்கும் டயரும் நல்ல ரப்பரைத்தான் கேட்கும். சூட்டையும் கிழிசலையும் தாங்க வேண்டும் என்பதால்தான் லோரி டயரிலும் ஆகாய விமான டயரிலும் இயற்கை ரப்பரை விடாமல் சேர்க்கிறார்கள். சுத்தமான பாலுக்கு மரியாதை குறையாது. மூன்றாம் பதில்தான் முக்கியமானது. நம் பிள்ளையின் மூச்சை விற்றுத்தான் நம் பால் விலை போக வேண்டும் என்றால், அந்தக் கணக்கை எந்தக் கிராணியாரும் சரி பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டார்.

பட்டறையில் நடந்தது, நடப்பது

தூளைப் பற்றித் தொழிலாளி உலகம் ஏற்கனவே ஒரு பாடம் படித்திருக்கிறது. இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் தொழிலாளி அஸ்பெஸ்டாஸ் நாரை நூலாக நூற்றார். 1924-ஆம் ஆண்டில் 33-ஆம் வயதில் நுரையீரல் கெட்டு இறந்தார். அவரைச் சோதித்த டாக்டர் அந்தத் தூளே காரணம் என்று அதே ஆண்டில் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அந்நாடு அஸ்பெஸ்டாஸை முழுவதும் தடை செய்தது 1999-ஆம் ஆண்டில். நடுவில் 75 ஆண்டுகள்! அந்த 75 ஆண்டுகளில் பெரும்பகுதி, உலகமெங்கும் பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டாஸ்தான் இருந்தது. பட்டறைப் பையன்கள் டிரம்மைக் கழற்றினார்கள், காற்றுக் குழாயால் ஊதினார்கள், வெண்தூள் எழும்பியது, சுவாசித்தார்கள். எவரும் அவர்களை எச்சரிக்கவில்லை.

இன்று புதுக் கட்டைகளில் பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸ் இல்லை. ஆனால் ஊதும் பழக்கம் போகவில்லை. தோட்டத்து லோரிப் பட்டறையிலும் கடைத்தெரு மோட்டார் சைக்கிள் கடையிலும் இன்னும் ஊதுகிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது என்பார்கள். நுரையீரலும் சீக்கிரம் முடியும் என்று நாம் சொல்கிறோம். எண் வரட்டும், ஆராய்ச்சி முடியட்டும் என்று 75 வருடம் காத்திருந்த கதை நமக்கு வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பட்டறை. பிரேக் டிரம்மைக் காற்றால் ஊதக் கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது. சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து ஈரத்துணியால் துடையுங்கள். துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். தூளை மெய்யாகவே தடுக்கும் முகக்கவசம் கேளுங்கள்; கைக்குட்டை கட்டுவது மனத்திருப்திக்கு மட்டும். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். கட்டை வாங்கும்போது அஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத மலிவுச் சரக்கை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டுகிறவர்கள். நம்மில் மோட்டார் சைக்கிள் இல்லாதவர் யார்? வாரம் ஒரு முறை டயர் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்தால் டயர் வேகமாகத் தேயும், எண்ணெயும் வீணாகும். லோரியில் அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து மெதுவாக நிறுத்துங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள். உங்கள் காசும் மிச்சம், சாலையோரத்துப் பிள்ளையின் மூச்சும் மிச்சம்.

மூன்றாவது, பழைய டயரை எரிக்காதீர்கள். கொசுவுக்கும் மாட்டு ஈக்கும் புகை போடுகிறோம் என்று டயரைக் கொளுத்துகிற வழக்கம் இன்னும் சில லயங்களில் இருக்கிறது. பல வருடம் சாலையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதை ஒரே இரவில் விடுவதற்குச் சமம் அது. திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் சட்டமும் தடுக்கிறது. தண்ணீர் தேங்க விட்டு வைப்பதும் வேண்டாம். டெங்கிக் கொசு அங்கேதான் குடியேறும்.

நான்காவது, வீடும் கொட்டகையும். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் எழும்பி மறுபடியும் விழும். ஈரத்துணியால் துடையுங்கள். சாலைப் பக்கத்துச் சன்னலை லோரி நெரிசலான நேரத்தில் மூடி, மறுபக்கத்தைத் திறந்து வையுங்கள். சாலைக்கும் கொட்டகைக்கும் நடுவில் நெருக்கமான வேலிச்செடி நட்டால் கொஞ்சம் தடுக்கும். முழுவதும் தடுக்காது. தூரம்தான் நல்ல மருந்து.

ஐந்தாவது, கிராணி நண்பர்களே, இது உங்களுக்கு. உங்கள் பேனா எங்கள் உளிக்குச் சமம். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் எத்தனை பிள்ளைக்கு இருமல், எத்தனை பேர் ஆஸ்துமாவுக்காக டிஸ்பென்சரிக்குப் போனார்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை லோரி நின்றது, துடைத்த துணி என்ன நிறம் என்று மூன்று மாதம் எழுதுங்கள். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிக்கலாம். தேதி போட்ட கணக்கை அவ்வளவு எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

சட்டம் யார் பக்கம்?

1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதி இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் திருத்தம் 2024-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும், அந்தக் காரியத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆயாக்கொட்டகைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். ஆயா அம்மாள் யார்? தொழிலாளி. அவர் நாள் முழுவதும் நிற்கும் இடம் எது? வேலையிடம். அவருடைய மூச்சுக்குச் சட்டம் பொறுப்பேற்றால் அதே காற்றைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கும் பலன் உண்டு. தோட்டத்துக் குடியிருப்பையும் வசதிகளையும் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைக் கொட்டகையைக் குறிப்பிடத் தவறவில்லை. ஆகவே கைகட்டி நின்று உபகாரம் கேட்க வேண்டியதில்லை. குழுக் கூட்டத்தில் எழுத்து மூலம் வைத்துப் பதிலும் எழுத்து மூலம் கேட்கலாம்.

இதே கெடாவில், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். கள்ளுக்கடை நம் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று தோட்டத்து மக்கள் தாங்களே கண்டு, தாங்களே எழுந்தார்கள். எந்த நிபுணரும் வந்து சொல்லிக் கொடுக்கும் வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. தம் உடம்புக்கும் பிள்ளைகளுக்கும் எது கேடு என்பதை முதலில் அறிகிறவன் அங்கே வாழ்கிறவன்தான்.

தோழர்களே, டயரை நாம் பழிக்கவில்லை. அது உருண்டதால்தான் நாம் இங்கே இருக்கிறோம். பஸ் நிற்க வேண்டும், லோரி நிற்க வேண்டும், பிரேக் இல்லாத உலகம் வேண்டாம். அவை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொட்டில் தொங்க வேண்டியதில்லை என்பது மட்டுமே நம் வாதம்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, அந்த ஆயாக்கொட்டகையைச் சாலையிலிருந்து தள்ளி, தோட்டத்தின் உட்புறத்தில் கட்டித் தர வேண்டும். கட்டி முடியும் வரைக்கும் உள்ளே இருக்கும் காலி வீடு ஒன்றைத் தற்காலிகமாக ஒதுக்க வேண்டும். இரண்டு, அதன் வாசலில் நுண்தூளை அளந்து சொல்லும்படி சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுத வேண்டும். மூன்று, நம் வட்டாரத்துத் தோட்டப் பட்டறை எதிலும் பிரேக் தூளை ஊதக் கூடாது என்ற அறிவிப்பு தமிழிலும் மலாயிலும், நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளரின் மொழியிலும் ஒட்டப்பட வேண்டும்.

ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். கிராணியார் எண்ணி எழுதட்டும். இந்தத் துணியை நாம் துவைக்கப் போவதில்லை. மனுவோடு சேர்த்து மடித்து அனுப்பப் போகிறோம். "புகையே இல்லையே" என்று இனி யாராவது சொன்னால், இதை விரித்துக் காட்டி, "அப்படியானால் இது என்ன?" என்று கேளுங்கள்.